இந்திய–கல்வராயன் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம்

துணிக்கடைக்காரர் ஆடியில் தள்ளுபடி போடுவார். ஒன்றிய அரசு கார்த்திகையில் போட்டது. 2023 நவம்பரில் கோவா திரைப்பட விழாவில், அப்போதைய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் அனுராக் தாக்கூர் அறிவித்தார்: வெளிநாட்டார் இங்கே வந்து படம் எடுத்தாலோ, ஒப்பந்தம் போட்ட நாடுகளோடு நம்மவர் கூட்டாகத் தயாரித்தாலோ, இந்தியாவில் செய்த செலவில் 40 சதவீதம் வரை திருப்பித் தரப்படும். உச்சவரம்பு 30 கோடி ரூபாய். 2022 மே மாதம் கான் விழாவில் இதே அமைச்சர் சொன்னது 30 சதவீதம், 2 கோடி. பதினெட்டே மாதத்தில் இரண்டு முப்பதாகிவிட்டது. முதியோர் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் பங்கு, எண்பது வயது ஆகாதவர்களுக்கு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதே 200 ரூபாயில் நிற்கிறது. பாட்டிகள் கான் விழாவுக்குப் போவதில்லை, அதுதான் கோளாறு.

அறிவிப்பில் இன்னொரு இனிப்பும் உண்டு. படத்தில் ‘குறிப்பிடத்தக்க இந்திய உள்ளடக்கம்’ இருந்தால் கூடுதலாக 5 சதவீதம்.

உள்ளடக்கம் வேண்டுமென்றால் நேரே கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைக்கு வரவேண்டும். மேகம் அருவி இருக்கிறது, பெரியார் அருவி இருக்கிறது, கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகள் இருக்கின்றன. சாமைக் கொல்லை, கடுக்காய் மரம், மரவள்ளி எல்லாம் இருக்கின்றன. ஆனால் மலையில் அதிகம் படம்பிடிக்கப்பட்ட காட்சி இவற்றில் எதுவும் இல்லை. காக்கிச் சட்டைகள் வரிசையாக நிற்கும், பிளாஸ்டிக் பேரல் கவிழும், சாராய ஊறல் ஓடையில் கலக்கும். மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஆண்டு முழுக்க ஓடும் படம் இது. கதாநாயகன் மட்டும் எப்போதும் ‘தப்பி ஓடிய மர்ம நபர்’.

2024 ஜூனில் சாராயக் கதை கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, கருணாபுரத்தில் அரங்கேறியது. மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலி. அன்றைக்கு வந்த காமிராக்கள் எந்தத் தள்ளுபடியும் கேட்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று மாநில அரசு அறிவித்தது. தரமான சிறு முதலீட்டுப் படத்துக்கு அதே மாநில அரசு வைத்திருக்கும் மானியம் 7 லட்சம். அதாவது கள்ளக்குறிச்சிக்காரன் படம் எடுத்தால் ஏழு, செத்தால் பத்து. எந்தத் தொழிலுக்கு ஊக்கத்தொகை அதிகம் என்று படித்த பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும்.

மாநில அரசைச் சொன்னால் அவர்களுக்கும் சினிமாமேல் பாசம் உண்டு என்று சண்டைக்கு வருவார்கள். உண்டுதான். பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். பொய்யாக ஒரு மலைக்கிராமம் அங்கே கட்டப்படும், அதற்குப் போக நல்ல தார்ச்சாலையும் இருக்கும். நிஜக் கிராமம் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

ஒன்றிய அரசுத் திட்டத்தின் சூட்சுமம் ‘திருப்பித் தருதல்’ என்பதில் இருக்கிறது. முதலில் செலவு செய்யவேண்டும், பில்லைக் காட்டவேண்டும், பிறகு பணம் வரும். பல கோடியைக் கையிலிருந்து போடக்கூடியவருக்குத்தான் உதவி. வெள்ளிமலையில் ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துவைத்திருந்தால் அவன் செலவில் 40 சதவீதம் என்பது ஒரு டேட்டா பேக்குக்கு ஆகும். இல்லாதவனுக்கு இல்லாததில் நாற்பது சதவீதம். கணக்கு சுத்தம்.

முன்பு அரசு இப்படியா செய்தது? 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’க்குத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் போட்டது. இந்தியப் படைப்பாளிகளுக்குக் கொடுக்கக் காசில்லை, வெள்ளைக்காரருக்கு மட்டும் கோடிகளா என்று அப்போதே கூச்சல் எழுந்தது. கூச்சலில் நியாயம் இருந்தது. ஆனால் கழகம் பங்காளியாகப் பணம் போட்டதால் படம் ஓடியபோது லாபமும் வந்தது. இறுதி ஊர்வலக் காட்சிக்கு வந்து நின்ற 3 லட்சம் பேரில் பெரும்பாலோர் கூலி வாங்காமல் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூட்டுத் தயாரிப்பில் ஜனங்கள் போட்ட பங்கு அது, அதற்குத்தான் யாரும் லாபம் பிரித்துத் தரவில்லை. இன்றைய திட்டத்தில் அரசுக்கே பங்கு கிடையாது. செலவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு நம்முடையது, வசூல் முழுதும் அவர்களுடையது.

பிரான்ஸில் வேறு ஏற்பாடு. தியேட்டரில் டிக்கெட் எடுப்பவர் விலையில் 10.72 சதவீதம் ஒரு நிதிக்குப் போய்ச் சேரும். அது அமெரிக்கப் படத்தின் டிக்கெட்டாக இருந்தாலும் சரி. அந்த நிதியிலிருந்து உள்நாட்டுப் படத்துக்கும் உதவி, வெளிநாட்டு இயக்குநர்களுக்கும் உதவி. அந்த நாட்டில் எடுத்த, பெரும்பாலும் தமிழ் பேசுகிற ‘தீபன்’ 2015இல் கானில் தங்கப்பனை வாங்கியது. நடித்தவர் நம் ஷோபாசக்தி. நம் ஊரிலும் டிக்கெட்மேல் வரி உண்டு. 2017இல் ஜிஎஸ்டிக்கு மேல் கேளிக்கை வரி 10 சதவீதம் போட்டார்கள், தியேட்டர்காரர்கள் முரண்டு பிடித்ததும் தமிழ்ப் படத்துக்கு 8 ஆக்கினார்கள். அந்தக் காசில் படம் எடுத்த ஒருவரையும் நான் கண்டதில்லை.

இப்போது பாயல் கபாடியா கதை. 2015இல் புணே திரைப்படக் கல்லூரி மாணவர் போராட்டத்தில் நின்றார், போலீஸ் வழக்கு வாங்கினார். பிறகு பிரான்ஸ், நெதர்லாந்து, லக்சம்பர்க், இத்தாலி ஆகிய நாடுகளோடு கூட்டாக ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’ எடுத்தார். 2024இல் கானில் கிராண்ட் பிரீ. மறுநாளே அமைச்சகம் மார்தட்டியது: இந்திய–பிரெஞ்சு ஒப்பந்தத்தின்கீழ் அங்கீகாரம் கொடுத்தது நாங்கள், மும்பையிலும் ரத்னகிரியிலும் படப்பிடிப்புக்கு அனுமதித்தது நாங்கள், ஊக்கத்தொகைக்கு இடைக்கால ஒப்புதல் தந்ததும் நாங்கள். வழக்குப் போட்டதும் நாங்கள் என்பது இடப் பற்றாக்குறையால் விடுபட்டிருக்கும். சில மாதம் கழித்து ஆஸ்கருக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்று இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு உட்கார்ந்தது. இந்தியாவில் நடக்கிற ஐரோப்பியப் படம் பார்ப்பதுபோல் இருந்தது என்று சொல்லி இதை ஒதுக்கிவிட்டார்கள். மே மாதம் இந்தியக் குழந்தை, செப்டம்பரில் ஐரோப்பியக் குழந்தை.

எது இந்திய உள்ளடக்கம் என்ற குழப்பம் பழையது. கல்வராயனுக்கு மேற்கே சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்கர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. தமிழில் ‘காடு’. அரசுப் பணம் ஒரு காசு இல்லை. வந்தவர்களுக்கு நம் யானை போதவில்லை. உடம்பெல்லாம் ரோமம் ஒட்டி மாமூத் ஆக்கினார்கள். சேலத்து வெயிலில் அந்த ஜீவன்கள் என்ன பாடுபட்டிருக்கும்! இன்று 5 சதவீதத்துக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு திரைக்கதைக்கும் அதே வைத்தியம்தான் நடக்கும் என்பது என் ஊகம். இந்த முறை ரோமத்துக்குப் பதில் மயில், காவடி, சாம்பிராணிப் புகை.

கற்பனைக்கு ஒரு யூனிட் கல்வராயனுக்கு வருகிறது என்று வையுங்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஊர்க்கவுண்டரைப் பார்க்கிறார்.

“ஐயா, ஜெனரேட்டர் வண்டி மேல ஏறணும். ரோடு எப்போ போடுவாங்க?”

“அது எங்கப்பன் கேட்ட கேள்வி தம்பி.”

“ஃபாரஸ்ட் பர்மிஷன்?”

“அது எங்க தாத்தன் கேட்டது.”

“கவலைப்படாதீங்க ஐயா. எங்களுக்கு டெல்லியில சிங்கிள் விண்டோ இருக்கு. ஒரே ஜன்னல்ல எல்லா அனுமதியும் வாங்கிடலாம்.”

“அந்த ஜன்னல் வழியா ஒரு புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியுமான்னு கேட்டுச் சொல்லு தம்பி.”

அந்த ஜன்னல் உண்மையிலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் படக்குழு அலுவலகம் அலுவலகமாக அலையக்கூடாது என்று 2015இல் திரைப்பட வசதி அலுவலகம் என ஒன்று திறந்து வைத்திருக்கிறார்கள். அலைவதற்கென்று பிறந்தவர்கள் வேறு.

ஆகவே கல்வராயன் மக்கள் சார்பில் ஒரு யோசனை. இந்தியா பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளோடு கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 2024இல் கொலம்பியாவோடுகூடப் போட்டாயிற்று. அடுத்ததாகக் கல்வராயனோடு போடலாம். அது வெளிநாடா என்று அதிகாரிகள் கேட்பார்கள். ஆவணம் இருக்கிறது. நாடு 1947இல் விடுதலை பெற்றது. இந்த மலையில் 1976வரை ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். இங்குள்ளவர்களுக்கு 1996இல்தான் வாக்குரிமை கிடைத்தது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே பேசப்பட்டது. சாராயச் சாவுகளுக்குப் பிறகு மலையின் நிலைமையைத் தானாக வழக்காக எடுத்த நீதிமன்றம், முதலமைச்சரோ அமைச்சர் உதயநிதியோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்று யோசனையும் சொன்னது. ஒரு மாநிலத்தின் ஒரு தாலுகாவுக்குப் போகச் சொல்லி நீதிபதிகள் வழிகாட்டவேண்டியிருக்கிறது என்றால், அது வெளிநாடு இல்லாமல் வேறென்ன?

ஒப்பந்தத்தை வெள்ளிமலையில் வைத்துக் கையெழுத்திடலாம். நீதிமன்றம் சொன்ன வருகையும் அதே செலவில் முடியும், அதில் 40 சதவீதம் கழித்தும் கொள்ளலாம். படத்துக்குச் சாலை தேவை என்பதால் சாலை போட்டது படப்பிடிப்புச் செலவில் சேரும். கதையில் பிரசவம் வருவதால் மருத்துவரும் ஆம்புலன்சும் நடிகர் பட்டியலில் வருவார்கள். படப்பிடிப்பு எத்தனை ஆண்டு நடக்கும் என்பதை மலைத் தரப்பு முடிவு செய்யும். குழுவில் 15 சதவீதத்துக்கு மேல் இந்தியர்களை வைத்தால் கூடுதல் சலுகை என்று 2022 அறிவிப்பில் இருந்தது. இங்கே நூற்றுக்கு நூறு, சாதிச் சான்றிதழ் கிடைக்கிற அன்றைக்கே நிரூபித்துவிடலாம்.

கடைசிப் பிரிவை மலைத் தரப்பு எழுதவேண்டியதில்லை, அரசுத் தரப்பு அதை எப்போதோ எழுதிவைத்துவிட்டது. படம் வெளிநாட்டில் பரிசு வாங்கினால் அமைச்சகம் உடனே வாழ்த்துச் செய்தி வெளியிட்டு இயக்குநரை இந்தியர் என்று அறிவிக்கும். வாங்காவிட்டால் இயக்குநர்மேல் ஊறல் வழக்கு.