சுல்தான் ஆவது எப்படி?

அரச குடும்பத்தில் பிறந்தும் பட்டம் கைநழுவியவரா நீங்கள்? கவலை வேண்டாம். சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் கம்போங் கிளாம். அங்கே வாழ்ந்த சுல்தான் ஹுசைன் ஷா உங்களுக்காகவே எல்லாவற்றையும் பட்டுப் பார்த்து வைத்திருக்கிறார்.

முதலில், அப்பா சாகக் கிடக்கும்போது வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகாதீர்கள், அது உங்கள் கல்யாணமாகவே இருந்தாலும். ஜொகூர்-ரியாவ் சுல்தான் மஹ்மூத் ஷா கண்மூடியபோது மூத்த மகன் ஹுசைன் பகாங்கில் மாப்பிள்ளை. ரியாவிலிருந்த பூகிஸ் பிரபுக்கள் தம்பி அப்துல் ரஹ்மானைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்!

பிந்திவிட்டீர்களா? உங்கள் கையெழுத்து யாருக்காவது அவசரமாகத் தேவைப்படும்வரை பொறுத்திருங்கள். 1819 ஜனவரியில் ஆங்கிலேயக் கம்பெனியின் ராஃபிள்ஸுக்குத் தேவைப்பட்டது. தம்பி டச்சுக்காரர் பிடியில். அவரைக் கேட்டால் சிங்கப்பூரில் ஒரு கொட்டகைகூடப் போட முடியாது. உடனே துரைக்கு மலாய் முறைமையின்மேல் அபார அக்கறை பிறந்தது: மூத்தவர் இருக்க இளையவர் ஆளலாமா? ஹுசைனை வரவழைத்து, பிப்ரவரி 6 அன்று பட்டம் கட்டி, அதே நாளில் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கினார். தாலி கட்டிய கையோடு மாமனார் வீட்டுப் பத்திரத்தை நீட்டிய மாதிரி. ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி சுல்தானுக்கு, 3,000 உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங்குக்கு.

கையெழுத்துப் போட்டபின், எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் போட்டு வையுங்கள். ஆங்கிலேயர் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஹுசைன் ரியாவுக்கு எழுதினார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பாவம், வேறெங்கே வைப்பார்?

ராஜ சின்னங்கள் இல்லையே என்று தயங்க வேண்டாம். அவை இல்லாமல் பட்டம் செல்லாது என்பது மரபு. அவற்றை வைத்திருந்தவர் மறைந்த சுல்தானின் மனைவி எங்கு புத்ரி ஹமீதா. பெனியங்காட் தீவில் இருந்துகொண்டு, யார் கேட்டும் அசையவில்லை. ராஃபிள்ஸ் அவை இல்லாமலே காரியத்தை முடித்துக்கொண்டார். டச்சுக்காரர்கள் 1822இல் படையோடு போய்ப் பிடுங்கி, மறுவருடம் தம்பிக்கு முறைப்படி முடிசூட்டினார்கள். இந்த மொத்தக் கூத்தில் மரபை மதித்தவர் ஹமீதா ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ, அவர் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை.

பேரம் பேசும்போது கறாராக இருங்கள். 1824 மார்ச்சில் லண்டனில் இரு வெள்ளைக்காரத் தரப்பும் கடலில் கோடு கிழித்து ராஜ்யத்தைப் பங்கு போட்டன. இரண்டு சுல்தான்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஆங்கிலேய ரெசிடெண்ட் கிராஃபர்ட் சிங்கப்பூரை முழுசாக எழுதி வாங்கியபோது ஹுசைனுக்குக் கிடைத்தது 33,200 வெள்ளி ரொக்கம், ஆயுள்வரை மாதம் 1,300.

எதைச் செய்தாலும் கோர்ட்டுக்கு மட்டும் போகாதீர்கள். ஹுசைனின் மகன் அலி 1855இல் சுல்தான் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, கெசாங் பகுதி தவிர மீதி ஜொகூரைத் தெமெங்கோங்குக்கு விட்டுக்கொடுத்தார். அலிக்குப் பின் வாரிசுகளுக்குள் பங்காளிச் சண்டை. 1897இல் தீர்ப்பு வந்தது: சுல்தான் என்று உரிமை கோர யாருக்கும் இடமில்லை, கம்போங் கிளாம் நிலம் அரசாங்கத்துக்கு.