என் லேப்டாப்பில் ஓடுதே, அண்ணே!

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊரில் விளையும் இன்னொரு சரக்குக்கு இதுவரை யாரும் விண்ணப்பமே போடவில்லை. "அண்ணே, என் லேப்டாப்புல நல்லா ஓடுதே!" என்பதுதான் அந்தச் சரக்கு. உலகம் முழுக்க நிரல் எழுதுகிற அத்தனை பேரும் சொல்வது என்பது உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில், உளுந்து மூடைகளுக்கு நடுவே நின்று, எதிரே கமிஷன் கடை அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே முறைக்கும்போது சொன்னால் வருகிற ருசி வேறெங்கும் வராது.

1998-இல் விஷுவல் பேசிக் 6 வந்ததிலிருந்து நான் இந்த ஊர்க் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது எழுதுவது குறைவு. படித்து முடித்த கையோடு பையன்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள் எங்கேயாவது படுத்துவிட்டால், போய் எழுப்பி உட்காரவைப்பதுதான் பிழைப்பு. எல்லாம் இணையத்திலும் கைப்பேசியிலும் ஓடுகிற காலத்தில் மேசைக் கணினிக்கென்று தனியாக யார் எழுதுகிறார்கள் என்று சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளையைக் கேட்டால் பதில் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நெட் போனாலும் சம்பளப் பட்டியல் வந்தாக வேண்டும். கட்டை அடுக்கியவர்கள் வாசலில் நிற்பார்கள்.

இந்தத் தொழிலில் நான் முதலில் கண்டுகொண்டது, பிழைச்செய்தியைப் படிக்கக் கூடாது என்பதில் எழுதியவனுக்கும் வாங்கியவருக்கும் இருக்கிற ஒற்றுமை.

"என்ன வந்துச்சு அண்ணாச்சி?"

"என்னமோ இங்கிலீஷ்ல வந்துச்சு தம்பி. பெருக்கல் குறியை அமுக்கி விரட்டிட்டேன்."

பையன் பக்கம் திரும்பினேன். "நீ என்னப்பா பண்ணுன?"

"நான் ஓகே குடுத்துட்டேன் அண்ணே."

விரட்டப்படும் செய்திகளில் அதிகம் வருவது "ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட் டு அன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் அன் ஆப்ஜெக்ட்". மந்திரம் போல இருந்தாலும் விஷயம் எளிது. பட்டியலில் இல்லாத ஒரு வியாபாரியைத் தேடினோம், கிடைக்கவில்லை, கிடைக்காத ஆளிடமே போய் போன் நம்பர் கேட்டுவிட்டோம். இப்படி வெறுமையையே ஒரு மதிப்பாக வைத்துக்கொள்ளும் யோசனையை 1965-இல் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 2009-இல் அவரே அதை நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லி வருந்தினார். அந்தத் தொகையில் கோவில்பட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆள் கிடைத்தாரா என்று பார்த்துவிட்டு நம்பர் கேட்டால் தீர்ந்தது. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் கேட்டோம் என்பது அந்தச் செய்திக்குக் கீழேயே இருக்கும். அதைத்தான் வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பும் படத்தில் கட்டைவிரல் மறைத்திருக்கும்.

அடுத்தது உறைந்து போவது. 'அறிக்கை' பொத்தானை அமுக்கியதும் திரை வெளுத்து, தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வரும். அண்ணாச்சி விடாமல் அமுக்குவார். நிரலின் சாளரத்தை வரைவதற்கும், அமுக்குவதைக் கேட்டுக்கொள்வதற்கும் ஒரே ஓர் இழைதான் உண்டு. ஒரு வருஷக் கணக்கைக் கூட்டும் வேலையையும் பையன் அதன் தலையிலேயே வைத்திருப்பான். கல்லாவில் இருக்கும் ஒரே ஆள் மூடை எடுக்கக் குடோனுக்குப் போய்விட்டால், வந்தவன் கடை பூட்டியிருக்கிறது என்றுதானே திரும்புவான்? விண்டோஸ் ஐந்து விநாடி பொறுத்துப் பார்க்கும். அதற்குள் பதில் வராவிட்டால் பலகை மாட்டிவிடும். கனமான வேலையைப் பின்னணி இழைக்குத் தள்ள வேண்டும். சி-ஷார்ப்பில் 2012-லேயே அதற்கு 'அசிங்க்', 'அவெய்ட்' என்று சுலபமான வழி வந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் பையன் புதுப் பிழையோடு வருவான். பின்னணிக்குப் போன இழை, அங்கிருந்தபடியே திரையில் எழுதப் பார்த்திருக்கும். திரையைத் தொடும் உரிமை அதை உருவாக்கிய இழைக்கு மட்டும்தான். மற்றவை அதனிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த பையன்களுக்கு இது மட்டும் உடனே புரிந்துவிடுகிறது.

ஆனால் என் அனுபவத்தில் ரசித்துச் சிரித்தது ஊர்ப் பெயர் விவகாரம்தான். ஒரு பையன் வாடிக்கையாளர் பட்டியலில் ஊருக்குப் பத்து இடம் ஒதுக்கியிருந்தான். எட்டயபுரம் என்று அடித்துச் சோதித்தான். அழகாக உட்கார்ந்தது. கடையில் கொண்டுபோய் நிறுவினால், சொந்த ஊரே 'கோவில்பட்ட' என்று அச்சாகிறது. விளாத்திகுளத்துக்காரர் பில்லில் 'விளாத்திகு'. மாவட்டத் தலைநகர் 'தூத்துக்கு'வோடு நின்றுவிட்டது.

"ஏம்ப்பா, எட்டயபுரம் ஏழெழுத்து, அது உள்ள போகுது. கோவில்பட்டி ஆறெழுத்து, அது ஏன் போகமாட்டேங்குது? ராஜா இருந்த ஊருன்னு மரியாதையா?" என்றார் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. கணினிக்கு நம் எழுத்து தெரியாது. யூனிகோடில் க ஒன்று, பக்கத்தில் நிற்கும் ஓகாரக் குறி இன்னொன்று. புள்ளிக்கும் தனி இடம். அப்படிப் பார்த்தால் எட்டயபுரம் சரியாகப் பத்து, கோவில்பட்டி பதினொன்று. கடைசி இகரக் குறிக்கு இடமில்லாமல் வெளியே நின்றுவிட்டது. அவ்வளவாவது கிடைத்ததும் அதிர்ஷ்டம்தான். எஸ்க்யூஎல் சர்வரில் 'என்வார்சார்' என்று போட வேண்டியதை வெறும் 'வார்சார்' என்று போட்டால், பெரும்பாலும் ஊரும் பேரும் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத்தான் திரும்பி வரும். தமிழ் யூனிகோடில் 1991 முதலே இருக்கிறது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பாமினி எழுத்துருவில் அடித்து, "தமிழ் வரமாட்டேங்குது" என்று புகார் சொல்கிற கடைகள் இன்னும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான துக்கம்.

தேதிக் கதையும் உண்டு. ஜூன் 5-ஆம் தேதிக் கொள்முதல் அறிக்கையில் மே 6 என்று வந்தது. மாதத்தை முதலில் வைக்கிற அமெரிக்க அமைப்போடு வந்த கணினியை யாரும் மாற்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் மாதத்தின் 13-ஆம் தேதியிலிருந்து எல்லாம் சரியாக இருந்தது. பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் விஷுவல் பேசிக் தானாகவே திருப்பிப் போட்டுச் சமாளித்துக்கொள்ளும். "வளர்பிறை, தேய்பிறை பாக்குதோ?" என்று கணக்குப்பிள்ளை சந்தேகப்பட்டார். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் சேமித்து, திரையில் காட்டும்போது மட்டும் நம் வழக்கப்படி காட்டினால் பிறை பார்க்க வேண்டியதில்லை.

மாறாதது என்று நம்பி நிரலுக்குள்ளேயே விலையைப் பதிப்பது எல்லா ஊரிலும் நடக்கும் தப்பு. எங்கள் ஊரில் அதற்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. தீப்பெட்டி 14 வருஷமாக ஒரு ரூபாயிலேயே நின்றது. அதை மாறிலி என்று எழுதியவனை எப்படித் திட்டுவது? 2021 டிசம்பர் 1-ஆம் தேதி இரண்டு ரூபாய் ஆனபோது, நிரலில் எங்கெல்லாம் 1 இருக்கிறதோ அங்கெல்லாம் 2 என்று ஒருவன் மொத்தமாக மாற்றிவிட்டான். 12 சதவீத ஜிஎஸ்டி 22 சதவீதம் ஆகிவிட்டது! கைத்தீப்பெட்டிக்கு ஐந்து, இயந்திரத் தீப்பெட்டிக்குப் பதினெட்டு என்றிருந்த வரி 2020 ஏப்ரலில்தான் எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு ஆகியிருந்தது. அதைத் தனியாக ஓர் அட்டவணையில் வைத்திருந்தால் கணக்குப்பிள்ளையே மாற்றியிருப்பார்.

இன்னொரு கடையில் தூத்துக்குடிப் பார்ட்டி ஒருவரின் பெயரைச் சேமித்தாலே நிரல் செத்தது. டி'குரூஸ் என்பதில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறிதான் காரணம். தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில் பெயரை அப்படியே ஒட்டவைத்தால், அந்தக் குறியோடு பெயர் முடிந்தது என்று அது நினைத்துக்கொள்ளும். மிச்சம் 'குரூஸ்' என்ன கட்டளை என்று விழிக்கும். ஒட்டவைக்காமல் பெயரைத் தனி அளவுருவாக அனுப்ப வேண்டும். திருடன் உள்ளே நுழைவதும் இதே ஓட்டை வழியாகத்தான். அந்தப் பையனோ மென்பொருளை விட்டுவிட்டு, "அண்ணாச்சி, அவரை வெறும் குரூஸ்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் பிறகு, பிழைச்செய்தியை அண்ணாச்சிக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுது என்று ஒரு பையனிடம் சொன்னேன். அளவு என்ற கட்டத்தில் அவர் "50 மூடை" என்று எழுத்தும் சேர்த்தே அடிப்பார். அதை எண்ணாக மாற்றப் போய் நிரல் விழும். எண் மட்டும் அடித்தால் போதும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பையன் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் நல்ல மார்க் எடுத்தவன். இரண்டாம் வேற்றுமை உருபெல்லாம் சுத்தமாகப் போட்டு, "இக்கட்டத்தில் எண்ணை மட்டும் இடவும்" என்று எழுதிவைத்தான்.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சியிடமிருந்து போன். இந்தத் தடவை விரட்டாமல் கடைசி எழுத்து வரை படித்திருக்கிறார்.

"தம்பி, நாம உளுந்துல்லா வாங்கி விக்கிறோம். எண்ணெயை மட்டும் ஊத்தச் சொல்லுது உங்க பையன் எழுதுன பொட்டி. சரி, ஊத்துறதுன்னே வச்சுக்குவோம். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா? அதைச் சொல்லலியே?"