வண்டி வந்தாச்சா?

காவிரி டெல்டாவில் தை பிறந்துவிட்டால் மாப்பிள்ளைக்கு இல்லாத மரியாதை அறுவடை வண்டிக்கு. சம்பா வயலில் ஈரம் இருந்தால் டயர் வண்டி புதையும். பெல்ட் வண்டிதான் இறங்கும், வாடகையும் கூடுதல். வானம் கறுக்கக் கறுக்க அந்த வாடகை இன்னும் ஏறும். புரோக்கருக்கு போன் போட்டால், "நாளைக்கு உங்க வயல்தாண்ணே" என்பார். எந்த நாளை என்றுதான் சொல்ல மாட்டார்.

வண்டி வந்துவிட்டாலோ வேகம்தான். ஆட்கள் நாள் முழுக்கக் குனிந்து செய்த வேலையை, அறுத்து, அடித்து, தூற்றி, டீ ஆறுவதற்குள் முடிக்கப் பார்க்கிறது. வைக்கோலை மட்டும் வயலிலேயே துப்பிவிட்டுப் போய்விடும். அதைப் பொறுக்கி உருட்டிக் கட்ட இன்னொரு இயந்திரம். கட்டுக்கு இவ்வளவு என்று தனிக் காசு. இயந்திரம் வேலையைக் குறைத்ததா, பில்லைக் கூட்டியதா என்று கேட்டால் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்.

இத்தனை அவசரமாக அறுத்த நெல், நேரே கொள்முதல் நிலைய வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். தாண்டினால் காய வைக்க வெயில் வேண்டும். வெயிலை மணிக்கணக்கில் வாடகைக்கு விட இன்னும் புரோக்கர் யாரும் வரவில்லை.