முக்கால் பவுன் விண்ணப்பம்

பெறுநர்: தலைவர், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, லோசான், சுவிட்சர்லாந்து.
பொருள்: தங்கம் கறுப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய கிர்ஸ்டி கவன்ட்ரி அம்மையாருக்கு,

உலகின் பெரிய கவரிங் கடை லோசானில் இருக்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள்.

1912 ஸ்டாக்ஹோமில் ஜெயித்தவருக்குக் கொடுத்தது முழுத்தங்கம். 24 கிராம், அதாவது மூன்று பவுன். அந்தத் தாராளம் அத்தோடு சரி. 2024 பாரிஸ் தங்கப் பதக்கத்தின் எடை 529 கிராம். அதில் தங்கம் 6 கிராம், முக்கால் பவுன். எடை இருபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, தங்கம் கால்வாசியாக இறங்கியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரர்கள் தங்களிடம் வந்து தொழில் கற்கலாம். டோக்கியோவில் தங்கப் பதக்கம் 556 கிராம், வெள்ளிப் பதக்கம் 550 கிராம். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் ஆறே கிராம்தான் வித்தியாசம். இரண்டும் வெள்ளி, ஒன்றுக்கு மட்டும் மேக்கப்.

வெள்ளியைக் குறை சொல்ல முடியாது. காற்றிலுள்ள கந்தகம் பட்டால் கறுப்பது அதன் சுபாவம். மேலே போட்ட தங்க முலாம் தேய்ந்தாலும், கீறல் விழுந்தாலும், கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் அந்த வழியே முதலில் பழுப்பு எட்டிப்பார்க்கும், பிறகு கறுப்பு. முலாம் போடுகிறவர் இதை மறைப்பதில்லை. "தண்ணி, சென்ட், வேர்வை படாம பாத்துக்கங்கம்மா" என்று சொல்லித்தான் கொடுப்பார். தாங்கள் கொடுப்பதோ வேர்வையே தொழிலாக உள்ளவர்களுக்கு! கையில் வாங்கியதும் பல்லால் வேறு கடிக்கிறார்கள். இது தின்பண்டம் அல்ல என்று டோக்கியோ அமைப்பாளர்களே அறிவிக்க வேண்டியிருந்தது.

அதே டோக்கியோவில் டிராம்போலின் தங்கம் வென்ற சீன வீராங்கனை ஜூ ஷூயெயிங், அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தார். மேற்பூச்சு உரிந்து வந்தது. அது பாதுகாப்புப் பூச்சுதானாம், தரத்துக்கு ஒன்றும் ஆகாதாம். பாதுகாப்பே உரிந்த பிறகு எதைப் பாதுகாப்பது என்று யாரும் கேட்கவில்லை. ரியோ பதக்கங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை 2017-ல் பழுதாகித் திரும்பியபோது, வீரர்கள் கீழே போட்டிருப்பார்கள் என்ற விளக்கம் வந்தது. வாங்கினவர்மேல் பழி போடுவதில் மட்டும் உலகத்து நகைக்கடைகள் எல்லாம் ஒரே குடும்பம். பாரிஸில் வெண்கலம் தோலுரிந்தபோது மாற்றித் தர பிரெஞ்சு நாணயச்சாலை முன்வந்தது. அந்த வழக்கம் தங்கத்துக்கும் வரட்டும்.

கோரிக்கை இதுதான்: 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஒவ்வொரு தங்கப் பதக்கத்தோடும் ஒரு கியாரண்டி கார்டு. அதில் எத்தனை கிராம் தங்கம், எத்தனை கிராம் வெள்ளி, கறுத்தால் யாரிடம் போவது என்று தெளிவாக அச்சிட வேண்டும். தாங்களும் 2004 ஏதென்ஸிலும் 2008 பெய்ஜிங்கிலும் 200 மீட்டர் பின்னீச்சலில் தங்கம் வாங்கியவர். அந்த இரண்டையும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு இந்த மனுவில் கையெழுத்திட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எதையும் உரசிப் பார்த்தே வாங்கும் ஊரிலிருந்து ஒரு ரசிகன்