மாடியில் காய்த்த தங்கம்

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற நாட்களில்தான் எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். பத்து வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், ஒரு பூவாளி. மொத்தச் செலவை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

விதை பி.கே.எம். 1. "பெரியகுளத்து ரகம் சார், வெயிலுக்கு அசராது" என்றார் கடைக்காரர். முளைத்தது, வளர்ந்தது, பூத்தது. பக்கத்து மாடிகளை நான் இளக்காரமாகப் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். பிறகு வெள்ளை ஈ வந்தது. இலையெல்லாம் பொரித்த அப்பளமாகச் சுருண்டது. வேப்பெண்ணெய் அடித்தேன். புளித்த மோர் தெளித்தேன். அது மோர்க்குழம்புக்கு எடுத்து வைத்த மோராம்; அந்த வழக்கு தனி.

தப்பிய காய்களின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராதாம். நானோ முட்டை ஓடு இடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தேறியது ஒன்பது பழம். நான்கு அணிலுக்கு. தின்று தீர்த்திருந்தாலும் மனசு ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கடி, ருசி பார்த்து ஒதுக்கிவிட்டது. மீதி ஐந்தில் மனைவி ரசம் வைத்தாள். "புளிப்பு பத்தலைங்க" என்று கடைத் தக்காளி ஒன்றையும் பிசைந்து போட்டாள். அன்றைக்குக் கடையில் கிலோ 15 ரூபாய்.