முன்பணச் சாப்பாடு

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பசிப்பதற்கு முன்பே பணம் கட்டிவிடலாம். 2020இல் நின்றுபோன இந்த உணவுத் திட்டம் 2024 ஜனவரியில் திரும்பி வந்தது. டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்கே கிடைக்கும். 3 வயது நிறைந்த எல்லோருக்கும், தங்கும் எல்லா இரவுகளுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். கொறித்தே நாளை ஓட்டும் பாட்டிக்கும் விலக்கில்லை.

மலிவான வகையில் இரவுக் கணக்கில் ஆளுக்கு இரண்டு கவுன்டர் சாப்பாடு, ஒரு நொறுக்குத்தீனி. கூடவே விடுதியில் நிரப்பி நிரப்பிக் குடிக்க ஒரு குவளை. அடுத்த வகையில் ஒரு வேளை மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். டிப்ஸ் தனி. சில பெரிய உணவகங்களில் ஒருமுறை உட்கார்ந்தாலே இரண்டு வேளை கழிந்துவிடும்.

ஸ்டேக்கும் காக்டெயிலும் கேட்பவருக்கு லாபம். சாலட்டும் தண்ணீரும் கேட்பவர் டிஸ்னிக்கு மொய் எழுதுகிறார். மீதமானவை புறப்படும் நாள் நள்ளிரவில் காலாவதி. ஆகவே கடைசி நாளில் பசியே இல்லாத குடும்பங்கள் நொறுக்குத்தீனிக் கடையில் வரிசை கட்டி, பாக்கெட்டுகளைப் பெட்டியில் திணிக்கின்றன.

மெனு விலைகள் இணையத்தில் உள்ளன. வழக்கமாகச் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்து, திட்டத்தின் விலையைத் தாண்டினால் மட்டும் வாங்கலாம். தாண்டுவதற்காகவே சாப்பிடுவது லாபத்தில் சேராது.