பட்டம் வாங்கிய கிருமிகள்

ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் "எம்.டி.ஆர்." என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போகிறார். காத்திருந்த பெரியவருக்குத் தெரிந்த எம்.டி.ஆர்., குலாப் ஜாமூன் மிக்ஸ் விற்கிற கம்பெனி.

கிருமிகளின் படிப்பே தனி. மூன்று வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாவிட்டால் எம்.டி.ஆர். ஒன்றிரண்டு வகையைத் தவிர மற்ற எதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்.டி.ஆர். எதற்குமே அசையாவிட்டால் பி.டி.ஆர்.; அது டாக்டர் பட்டம். கைடு யார் என்கிறீர்களா? ஜலதோஷத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் "அந்த மூணு நாள் மாத்திரை குடுங்க" என்று அஸித்ரோமைசின் வாங்கும் நாம்தான்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியின் பெயரில் முதல் 'எம்', மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக். அதற்கு அடங்காத கிருமியை 1961-லேயே பிரிட்டனில் கண்டுவிட்டார்கள். அந்த மருந்தை இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் போடுவதில்லை. தோற்றவர் ஓய்வு பெற்ற பிறகும், ஜெயித்தவர் அவர் பெயரை லெட்டர்பேடிலிருந்து எடுக்கவில்லை.

எல்லோரையும் மிஞ்சியது என்.டி.எம்-1. கடைசி நம்பிக்கையாகப் போடும் கார்பபெனம் ஊசியையே உடைத்துப்போடும் நொதி. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் ஸ்வீடனில் கண்டறிந்து, 'நியூ டெல்லி' என்று இனிஷியலும் போட்டார்கள். 2010-ல் லான்செட் குழுமத்தின் இதழில் விரிவான கட்டுரை வந்ததும் டெல்லி கொதித்தது. ஊர்ப் பெயர் கெடுகிறதாம், மருத்துவச் சுற்றுலா படுத்துவிடுமாம். கட்டுரையின் முதல் ஆசிரியரோ சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். இனிஷியலை மாற்றச் சொல்லிப் போட்ட சத்தத்தில் பாதியையாவது மருந்துச் சீட்டு கேட்காத கடைகளில் போட்டிருக்கலாம்.